கதிர்காமக் காட்டுவழியில் உணவும் நீரும்

கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களுட் பலர் வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகின்றனர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கீழைக்கரையோரமாக வாரக்கணக்கில் நடக்கின்றனர். நேயர்களே, அத்தனை நாளைக்கும் வேண்டிய அரிசியை எவரும் தோளிற் சுமப்பதில்லை. வழியெங்கும் கோயில்கள் உள. அடியார் வரும் செய்தி கேட்டு உலையேற்றும் இல்லங்களும் உள. உகந்தை முருகன் கோயில்வரை வயிற்றைப்பற்றிய கவலை பெரிதன்று.

உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்கள். அரசாங்கம் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே அவ்வழியைத் திறந்துவிடுகின்றது. கதிர்காமத்தை அடைய நாலைந்து நாட்கள் செல்லும். இடையில் ஊரில்லை, கடையில்லை. ஆகவே மூட்டை கட்டுமிடம் உகந்தையே. அரிசியும் பருப்புமே உணவென்று எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: சோறாக்குவதற்கும் நீர் வேண்டும், பானை கழுவுவதற்கும் வேண்டும். பொரிமாவும் அவலும் சர்க்கரையும் கொண்டு செல்பவர் பாதி அடுப்பு வேலையிலிருந்து தப்பினார்.

உணவைச் சுமக்கலாம், நீரைச் சுமந்து முடியாது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறை. வெயிலில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றராவது வேண்டுமென்றால், ஐந்து நாளைக்கு இருபது கிலோ. முதியவரும் பெண்களும் குழந்தைகளும் செல்லும் கூட்டத்தில் இது நடவாத காரியம். போகும் வழியிலேயே நீர் எடுக்கவேண்டும். ஆனால் யாத்திரை நிகழும் ஆடி மாதமோ அப்பகுதியில் வறட்சிக் காலம். குமுக்கன் ஆறு மெலிந்துவிடும். எஞ்சிய குட்டைகளில் யானையும் எருமையும் கிடந்து கலக்கிய நீரே இருக்கும்.

கலங்கல் நீரைத் தெளிவிக்க நம்மவர் தேற்றாங்கொட்டையை அறிவர். மட்பாண்டத்தின் உட்புறத்தில் அதனைத் தேய்த்து நீரை ஊற்றிவைத்தால், மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். கலித்தொகைப் புலவர் இதனை உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார். எனினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது. மண் போய்விடும், நோய்க்கிருமி முற்றாகப் போகாது.

பழஞ்சேலையால் வடிப்பதும் எள்ளத்தக்கதன்று. வங்காளதேசத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. பழைய பருத்திச் சேலையைப் பலமடிப்பாக மடித்து நீரை வடித்த ஊர்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வாந்திபேதிக் கிருமி நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அவற்றைத் துணி தடுத்துவிடுகின்றது. புதுத்துணியிலும் பழந்துணியே மேல். துவைத்துத் துவைத்து நூல் பருத்துக் கண்ணிகள் சிறுத்திருக்கும். ஆயினும் தனித்து நீந்தும் கிருமிக்கு எந்தச் சேலையும் தடையன்று.

ஆதலால் வடித்தபின் கொதிக்கவைத்தல் வேண்டும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாற் போதும். விறகு கிடையாதவிடத்துக் குளோரின் வில்லை உதவும். இட்டு அரைமணி நேரம் பொறுத்தே அருந்தவேண்டும். வடிக்காத கலங்கல் நீரில் இட்டால், குளோரினின் வலு அழுக்கிலேயே செலவாகிவிடும். இக்காலத்துக் கைவடிகட்டிகள் பற்றீரியாவைத் தடுக்கவல்லவை; மிகச் சிறிய வைரசுகள் அவற்றுட் பலவற்றையும் கடந்துவிடும். கடலோரக் களப்புகளின் உப்பையோ சேலையும் நீக்காது, கொதியும் நீக்காது. அங்கே ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பதே வழி. அதுவும் விலங்குகள் இறங்கும் துறைக்கு மேற்புறமாகத் தோண்டவேண்டும்.

அண்மைய ஆண்டுகளில் காட்டுவழியிற் சிலவிடங்களில் நீர்த்தாங்கிகள் வைக்கிறார்கள். பெரிய புண்ணியந்தான். ஆனால் கூட்டம் மிகுந்த நாளில் பின்னே வருபவருக்குத் தாங்கி வெறுமையாயிருக்கவுங்கூடும். பழகிய யாத்திரிகர் தாங்கியை நம்பி நடப்பதில்லை. விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையை அடைந்து, மாலையில் வடித்துக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, வைகறையில் போத்தல்களை நிரப்பிக்கொள்கின்றனர். மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமத்து வீதி தென்படும்வரை இந்த ஒழுங்கு மாறுவதில்லை.