நீரும் காய்ச்சலும்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லைக் குடைந்த கிணறே உழவனுக்குத் துணை. காணியோ பிள்ளைகளுக்குப் பங்கிடப் பங்கிடச் சுருங்கிற்று. தெற்கே கிளிநொச்சியில், கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்தின் கீழ் நிலமும் நீரும் இருந்தன. ஆயினும் 1930களில் அங்கே புறப்பட நினைத்தவன் நெல்லை மட்டும் எண்ணிப் பார்க்க இயலவில்லை. கோடையில் ஆறு வற்ற, எஞ்சிய குட்டைகளில் நுளம்பு பெருகும். 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. ஆகவே சிலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தாம் மட்டும் சென்று, விதைத்து, அறுத்து மீண்டனர். அதனைக் கோழைமை என்று நான் கருதேன். 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்ட பின்னரே அவ்வச்சம் தணிந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. இன்று அங்கே வயல் தேடுபவர் காய்ச்சலைப் பற்றி வினவுவதில்லை. சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் எஞ்சுமா என்றே வினவுகின்றனர்.