திறந்த வாயிலும் தாய்மொழியின் இருக்கையும்



பல்கலைக்கழகம் உலகுக்குப் பொதுவாதல் வேண்டும் என்பதில் அறிவுடையார் எவர்க்கும் மாறுபாடு இராது. அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை. ஐரோப்பாவின் மூத்த பல்கலைக்கழகம் எனப் போற்றப்பெறும் இத்தாலியின் பொலோனியா, 1088ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொண்டாடுகின்றது. ஆல்ப்சு மலைக்கு அப்பாலிருந்து வந்த மாணவரும் அங்கே நாடு நாடாகக் குழுக்கூடி வாழ்ந்து கற்றனர். எனவே, பிறநாட்டாரை வரவேற்பது இத்தாலிக்குப் புதிதன்று. புதிதாக எழுந்த வினா வேறு. வருவோர்க்கு வாயிலைத் திறக்கும் பொருட்டு, வீட்டுக்குரியவளையே வெளியேற்றல் வேண்டுமா? இவ்வினா அந்நாட்டில் வழக்காகி, அறமன்றம் ஏறித் தீர்ப்பும் பெற்றது. மொழிப்பற்றுடையார் அனைவரும் அறியத்தக்க வரலாறு அது.

வடஇத்தாலியின் தொழில்நகரான மிலானில் 1863ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றுளது. பொறியியலும் கட்டடக் கலையும் அதன் இரு கண்கள். அதன் பேராசிரியராக விளங்கிய சூலியோ நத்தா என்பார், பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி பற்றிய ஆய்வால் உலகப் புகழ் எய்தினார். 1963ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைச் செருமானியரான கார்ல் சீக்ளருடன் பகிர்ந்து பெற்றார். அன்று அப்பல்கலைக்கழகம் கற்பித்த மொழி இத்தாலியமே. தாய்மொழியில் கற்பித்ததால் அதன் புகழ் மிலான் எல்லைக்குள் முடங்கிவிடவில்லை.

அத்தகைய நிலையம் 2012ஆம் ஆண்டு ஒரு முடிவெடுத்தது. 2014ஆம் ஆண்டு முதல் முதுநிலைப் படிப்புகள், முனைவர்ப் படிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறும் என அதன் கல்விப் பேரவை அறிவித்தது. வெளிநாட்டு மாணவர் திரண்டு வருவர். இத்தாலிய மாணவர்க்கு உலகெங்கும் வேலை கிட்டும். ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன என்பன அவர்கள் கூறிய கரணியங்கள். இவை முற்றும் பொய்யல்ல. ஆனால், ஆங்கிலம் 'வேண்டும்' என்பதற்குச் சொல்லப்பெற்ற கரணியங்களைக் கொண்டு, இத்தாலியம் 'வேண்டா' என்ற முடிவுக்குத் தாவியதே பிழை.

ஏறத்தாழ நூறு பேராசிரியர்கள் அம்முடிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவர்கள் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். உலக அரங்குகளில் ஆங்கிலத்தில் ஆய்வுரை படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். புளோரன்சு நகரில் 1583ஆம் ஆண்டு தோன்றி, இத்தாலிய மொழியைக் காத்துவரும் குருசுக்கா மொழிக்கழகமும் அவர்கள் பக்கம் நின்றது. 2013ஆம் ஆண்டு வட்டார ஆட்சித்துறை அறமன்றம் பல்கலைக்கழகத்தின் முடிவைச் செல்லாதெனத் தள்ளியது. பல்கலைக்கழகமும் கல்வித்துறையும் மேல்முறையீடு செய்தன. வழக்கு நாட்டின் அரசமைப்பு அறமன்றத்தின்முன் சென்றது.

2017ஆம் ஆண்டு அம்மன்றம் வழங்கிய 42ஆம் எண் தீர்ப்பு பொன்னெழுத்துகளாற் பொறிக்கத்தக்கது. மூன்று அடிப்படைகளை அது முன்வைத்தது. இத்தாலியமே நாட்டின் ஆட்சிமொழி; அம்முதன்மையைப் பல்கலைக்கழகம் பறித்தல் ஆகாது என்பது ஒன்று. அயன்மொழி அறியாமை ஒன்றனாலேயே தகுதியுடைய மாணவன் உயர்கல்விக்கு வெளியே நிறுத்தப்படுதல் ஒப்புரிமைக்கு மாறானது என்பது மற்றொன்று. தான் கற்பிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளும் ஆசிரியனின் உரிமையை இழக்கச் செய்தல் கூடாது என்பது மூன்றாவது.

அதே வேளையில் அம்மன்றம் ஆங்கிலத்திற்குக் கதவடைக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்தாலியப் படிப்போடு அதே படிப்பை ஆங்கிலத்திலும் நடத்தலாம். சிற்சில பாடங்களை அளவறிந்து ஆங்கிலத்தில் மட்டும் கூடக் கற்பிக்கலாம். முழுப் படிப்பையும் அயன்மொழிக்கே எழுதிக் கொடுத்துவிடல் மட்டும் கூடாது என்றது. 'உடன்' என்பது வேறு. 'மாற்றாக' என்பது வேறு. இவ்விரு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவே அத்தீர்ப்பின் உயிர். 2018ஆம் ஆண்டு நாட்டின் ஆட்சித்துறை மேலறமன்றமும் அவ்வழி நின்றே வழக்கை முடித்தது.

உலகோடு உறவு கொள்ள வேறு வழிகள் இல்லையோ? உள. இத்தாலியின் 2010ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமே அவற்றை வரிசைப்படுத்தியது: ஆசிரியரும் மாணவரும் நாடுவிட்டு நாடு சென்று கற்றல், இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகப் படிப்பு நடத்தல், ஆய்வில் ஒத்துழைத்தல். அயன்மொழிப் பாடம் அவற்றுள் ஒன்றே. அதுவே எல்லாம் அன்று. 1987ஆம் ஆண்டு தொடங்கிய எராசுமசு என்னும் ஐரோப்பிய மாணவர் மாற்றுத் திட்டத்தில் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் பங்கேற்றனர். ஒருவர் நாட்டின் மொழியை மற்றவர் கற்பதும் அத்திட்டத்தின் பயன்களுள் ஒன்று. பெரூசியா நகரிலோ, வெளிநாட்டார்க்கு இத்தாலியம் கற்பிப்பதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1925ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. விருந்தினர்க்குத் தன் மொழியை ஊட்டுவதும் விருந்தோம்பலே.

கலிலியோவை எண்ணுக. 1610ஆம் ஆண்டு தொலைநோக்கியால் தாம் கண்டவற்றை, அன்றைய அறிஞருலகின் பொதுமொழியான இலத்தீனில் வெளியிட்டார். 1632ஆம் ஆண்டு, கதிரவனும் உலகும் பற்றிய தம் பெருநூலை இத்தாலியத்தில் எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1635இல், பிறர் அதனை இலத்தீனில் பெயர்த்து ஐரோப்பாவெங்கும் பரப்பினர். அவர் இலத்தீனை இகழவுமில்லை; தாய்மொழியைத் துறக்கவுமில்லை. நூலில் பொருள் இருந்தது. உலகம் தேடி வந்தது.

எனினும், தீர்ப்பு ஒன்றே மொழியைக் காத்துவிடாது. மிலான் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுட் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. சட்டம் வாயிலில் காவல் நிற்கும். அகத்தே விளக்கேற்றுவோர் ஆசிரியரும் மாணவருமே. புதிய துறைகளுக்குக் கலைச்சொல் ஆக்காமல், பாடநூல் எழுதாமல், ஆய்வேடு படைக்காமல் விட்ட மொழி, உரிமை இருந்தும் இருக்கை இழக்கும். ஒரு தலைமுறைப் பொறிஞர் தம் தொழிலைத் தம் மொழியில் சொல்லத் தெரியாதவராய் வெளிவருவாராயின், அவர்தம் நாட்டுத் தொழிலாளியோடும் உழவனோடும் எம்மொழியில் பேசுவார்?

உலகம் வருக! அயல்நாட்டு மாணவரும் ஆசிரியரும் வருக! வந்தோர் அமரப் புதிய இருக்கை இடுக. ஆயின், தாயின் இருக்கையை எடுத்துத் தருதல் ஆகாது.