மூதாதையர் பட்டியலும் மூடிய கதவும்



உலகச் சமயங்கள் பற்றிய இந்த உரை வரிசையில், தென்னாப்பிரிக்காவில் மார்மன் சபை வளர்ந்த வரலாற்றைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வளர்ச்சி என்றதும் எண்ணிக்கை கேட்பீர்கள். இன்று அந்த நாட்டில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் சபையின் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் பெயர் உள்ள எல்லோரும் ஞாயிறுதோறும் வந்து உட்காருவதில்லை. அது எல்லாச் சபைகளிலும் உள்ளதுதான். எண்ணிக்கையை இத்தோடு விடுகிறேன். அந்தப் பெயர்களில் பெரும்பகுதி இன்று கறுப்பின மக்களின் பெயர்கள். அவர்களுக்குத்தான் அந்தச் சபை நூறாண்டுக்கும் மேலாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. சாத்திய கதவின் வழியே அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. அவர் காலத்தில் எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத்தவர், சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரமான ஆசாரியத்துவத்தைப் பெற்றிருந்தார். அவருக்குப் பின் வந்த ப்ரிகாம் யங், 1852-இல், ஆப்பிரிக்க வம்சத்தில் வந்தவர்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று அறிவித்தார். அதே 1852-இல்தான் ஆப்பிரிக்காவுக்குப் போங்கள் என்று மூன்று ஊழியக்காரர்களை அனுப்பினார்கள். 1853 ஏப்ரலில் அவர்கள் கேப்டவுனில் இறங்கினார்கள். தேடிப் போனது அங்கே குடியேறியிருந்த வெள்ளையரை. சேர்ந்தவர்களிலும் பலர் கப்பலேறி, சபையின் தலைமையிடம் இருந்த அமெரிக்காவின் யூட்டாவுக்கே போய்விட்டார்கள். 1865-இல் ஊழியம் நின்றது. 1903-இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஆசாரியத்துவம் இல்லை என்றால் என்ன குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்தச் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் உள்ளூரில் கிடையாது. பஸ் ஓட்டுகிறவரும் பள்ளி ஆசிரியரும்தான் சபையை நடத்துகிறார்கள். பன்னிரண்டு வயதை எட்டும் ஆண்டிலேயே ஒரு பையன் ஆசாரியத்துவத்தின் முதல் படியில் கால் வைக்கிறான். அது மறுக்கப்பட்டவர் தன் சொந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஆலயத்தில் தன் மனைவியோடு, மறுமையிலும் தொடரும் உறவாக, முத்திரையிடப்படும் சடங்குக்கும் நிற்க முடியாது.

கேப்டவுனில் வில்லியம் டேனியல்ஸ் என்று ஒருவர். கலப்பினத்தவர் என்று அந்த நாடு வகைப்படுத்திய மக்களில் ஒருவர். 1915-இல் கடல் கடந்து யூட்டாவின் சால்ட்லேக் சிட்டிக்கே போய், சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித்தை நேரில் கண்டார். கிடைத்த பதில்: இந்தப் பிறவியில் இல்லாவிட்டாலும் மறுமையில் கிடைக்கும். வேறொருவராக இருந்தால் அன்றே வெளியேறியிருப்பார். அவர் ஊர் திரும்பித் தன் வீட்டில் திங்கட்கிழமை மாலைகளில் கூட்டம் நடத்தினார். அதற்கு அன்புக் கிளை என்று பெயர். 1931-இல் அவரையே அதன் தலைவராக நியமித்தார்கள். தலைவர் அவர், ஆனால் திருவிருந்து அப்பத்தை ஆசீர்வதிக்கும் உரிமை அவருக்கு இல்லை. அதைச் செய்ய அவர் வீட்டுக்கு அமெரிக்க இளைஞர்கள் வரவேண்டியிருந்தது. 1936-இல் அவர் அப்படியே கண்ணை மூடினார்.

இந்த விதி வெள்ளையரையும் விட்டுவைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளையர் ஆசாரியத்துவம் பெற வேண்டுமானால், தன் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஒவ்வொரு கிளையாகப் பின்னோக்கிப் போய், அது ஆப்பிரிக்காவுக்கு வெளியே போய்ச் சேருகிறது என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். முந்நூறு ஆண்டுக் குடியேற்றம் கொண்ட நாட்டில் யாரால் முடியும்? ஊழியக்காரர்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க் கிளைகளை நடத்தப் போதிய ஆண்கள் இல்லை. 1954 ஜனவரியில் சபைத் தலைவர் டேவிட் மெக்கே நேரில் வந்து பார்த்து அந்த விதியைத் தளர்த்தினார். வெள்ளையருக்கு மட்டும்.

ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்கள் குடியிருப்பான சொவெட்டோவில் மோசஸ் மஹ்லாங்கு என்ற பிரசங்கியார் 1960-களில் இந்தச் சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் படித்தார், நம்பினார், சபையைத் தேடிப் போனார். காத்திருக்கச் சொன்னார்கள். நிறவெறிச் சட்டம் ஒரு பக்கம், சபையின் தடை மறு பக்கம். அவர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தன் மக்களிடம் போதித்துக்கொண்டே இருந்தார். 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பால் தலைமையில் தடை நீங்கியது. மஹ்லாங்கு 1980 செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு சொவெட்டோவில் கிளைச் சபை தொடங்கியது. அன்பர்களே, அந்தக் கிளையை அமெரிக்கா விதைக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே முளைத்து நின்றது!

ஜூலியா மவிம்பேலாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. அவர் கணவர் ஜான் 1955-இல் கார் விபத்தில் இறந்தார். மோதிய மற்றொரு காரை ஓட்டியவர் வெள்ளையர். போலீஸ் பழியை இறந்தவர் மேலேயே போட்டது. அந்த அம்மையார் தன் நெஞ்சின் கசப்பைக் கல்லறைக் கல்லிலேயே பொறித்து வைத்தார். 1976 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு, கிழிந்துபோன சொவெட்டோவில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிள்ளைகளின் கையில் மண்வெட்டி கொடுத்தவர் அவர். ஒருநாள், சிதைந்துபோன சிறுவர் மன்றத்தைச் சீர்செய்ய உதவப் போன இடத்தில், இரண்டு வெள்ளை இளைஞர்கள் குனிந்து வேலை செய்வதைக் கண்டார். வீட்டுக்கு வந்த அந்த ஊழியக்காரர்கள் அவருடைய திருமணப் படத்தைப் பார்த்துக் கணவரைப் பற்றி விசாரித்தார்கள். இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்றார்கள். அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1981-இல் சபையில் சேர்ந்தார்.

இங்கேதான் எனக்கு அந்த வளர்ச்சியின் வேர் தெரிகிறது. இறந்தவர்களை மறந்துவிடு, அது அஞ்ஞானம் என்று பல மிஷன்கள் ஆப்பிரிக்கருக்குச் சொல்லிவந்தன. இந்தச் சபையோ உன் பாட்டன் பெயரைச் சொல், பாட்டி பெயரைச் சொல் என்று கேட்டது. முன்னோர் வழிபாடு வேறு, ஆலயச் சடங்கு வேறுதான். ஆனாலும் முன்னோரோடு வாழ்ந்து பழகிய மக்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமாகப் படவில்லை. ஒரு காலத்தில் மனிதரை வாசலில் நிறுத்திய அதே வம்சாவளிக் காகிதம், இப்போது பாட்டனையும் உள்ளே அழைத்து வரும் காகிதமாயிற்று. 1985 ஆகஸ்டில் ஜோகனஸ்பர்க் ஆலயம் திறந்தபோது நகரத்தில் அவசரநிலை அமலில் இருந்தது. வெளியே சட்டம் பிரித்து வைத்தவர்கள் உள்ளே ஒரே வெள்ளுடையில் அருகருகே அமர்ந்தார்கள். ஆலயப் பணி செய்தவர்களில் மவிம்பேலாவும் இருந்தார்.

உரசலும் உண்டு. மணப்பெண்ணுக்காக மாடாகவோ பணமாகவோ கொடுக்கும் லோபோலாவை விட்டுவிடச் சபைத் தலைவர்கள் சொல்கிறார்கள். கடனாளியாகாமல் இளைஞர்கள் மணம் முடிக்கட்டும் என்பது அவர்கள் வாதம். இரு குடும்பங்களைக் கட்டும் மரபை யூட்டாவில் இருப்பவர்கள் தீர்மானிப்பதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் மனம் அந்தக் கேள்வியின் பக்கம்தான். மொழியிலும் ஒரு குறை உண்டு: மார்மன் புத்தகம் வெள்ளையர் பலர் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 1972-இல் வந்தது, கறுப்பின மக்களின் ஜூலுவில் 1987-இல். எந்த வீட்டுக்கு முதலில் போனார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

2013-இல் சபை ஒரு கட்டுரை வெளியிட்டது. தடையை நியாயப்படுத்திய பழைய விளக்கங்களை மறுத்தது. வரவேற்கிறேன். ஆனால் மன்னிப்பு என்று சபை முறையாக இன்னும் கேட்கவில்லை. வில்லியம் டேனியல்ஸின் பேரப்பிள்ளைகளும் மஹ்லாங்குவோடு காத்திருந்தவர்களின் பிள்ளைகளும் கேட்கும்படி, சொவெட்டோவில் வைத்து, அவர்கள் மொழியில் அது சொல்லப்பட வேண்டும். இந்த மேடையிலிருந்து நான் வைக்கும் கோரிக்கை இது.