அகவிலையும் கூலியும்



அகவிலை என்பது பழந்தமிழ்ச் சொல். அஃகம் என்பது கூலம். அதன் விலை அகவிலை. கூலி என்னும் சொல்லும் அதே களத்துமேட்டில் பிறந்ததுதான். கூலமாக அளந்து கொடுத்தது கூலி. சம்பும் அளமும், அஃதாவது நெல்லும் உப்பும், கொடுத்தது சம்பளம் எனச் சொல்லாய்வறிஞர் காட்டியிருக்கின்றனர். உழைத்தவன் கைக்கு உண்ணும் பொருளே வந்து சேர்ந்தது என்பதற்கு இச்சொற்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன.

மரக்கால் நெல்லைக் கூலியாகப் பெற்றவனுக்கு நெல்லின் விலை ஏறியதால் கேடு வந்ததில்லை. அவன் மடியில் இருந்தது நெல், நெல்லின் விலையன்று. அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று கொள்ளவும் வேண்டா. அளக்கும் மரக்காலிலேயே ஆண்டைகள் செய்த களவு தனிக் கதை. ஆயினும் ஒன்று உண்மை. கூலம் போய்க் காசு வந்த நாள்முதல் விலையேற்றத்தின் சுமை முழுவதும் கூலி வாங்குவோன் தலையில் ஏறிவிட்டது.

கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்கே அமைத்த தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் புகைந்துகொண்டிருக்கின்றன. விடியுமுன் சென்னையிலிருந்தும் பொன்னேரி, மீஞ்சூரிலிருந்தும் மின்தொடர்வண்டியில் வந்து இறங்குவோர் ஒரு சாரார். கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஈருருளிகளில் வருவோர் மற்றொரு சாரார். இவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். நாளுக்கு இவ்வளவு என்று பேசிய காசே இவர்களது வருவாய். அந்தக் காசுக்குக் கடையில் என்ன கிடைக்கும் என்பதைப் பேசியவன் எவனும் இல்லை.

இங்கே இரண்டு நாட்காட்டிகள் ஓடுகின்றன. ஒன்று விலையின் நாட்காட்டி. கன்னெய் எனப்படும் பெட்ரோலின் விலையை அரசு கட்டுப்படுத்துவது 2010 சூனில் கைவிடப்பட்டது. தீசலின் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் போயிற்று. 2017 சூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாம் என்றாயிற்று. பெயருக்குத்தான் நாள்தோறும். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கரைத் திங்கள் விலை அசையாமல் நின்றது. அப்போது ஐந்து மாநிலங்களில் தேர்தல். தேர்தல் முடிந்தபின் 2022 மார்ச்சு 22இலிருந்து பதினாறு நாள்களில் பதினான்கு முறை ஏற்றி, இலிட்டருக்குப் பத்து உருபா கூட்டினர். வாக்கை எண்ணுவதற்கும் விலையை ஏற்றுவதற்கும் உள்ள உறவு கணக்கறியாச் சிறுவனுக்கும் விளங்கும்.

மற்றொன்று கூலியின் நாட்காட்டி. தமிழ்நாட்டரசின் குறைந்த அளவுக் கூலி அறிவிப்புகளில் அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படியும் சேர்ந்திருக்கும். சென்னை நகரின் நுகர்வோர் விலைக் குறியெண்ணை, முந்தைய ஆண்டின் சனவரி முதல் திசம்பர் வரை நிரவிப் பார்த்து, ஏப்பிரல் முதல் நாளன்று அப்படியை மாற்றுவது வழக்கம். சனவரியில் ஏறிய விலைக்கான ஈடு அடுத்த ஆண்டு ஏப்பிரலில்தான் கைக்கு வரும். இடையே பதினைந்து திங்கள். திசம்பரில் ஏறிய விலையோ, வரும் ஏப்பிரலில் பன்னிரண்டில் ஒரு பங்காக மட்டுமே கணக்கில் ஏறும். முழுமையாக ஏற இன்னும் ஓராண்டு ஆகவேண்டும். அதுவரை அந்த வீட்டில் என்ன நடக்கும்? பருப்பு நீர்த்துப்போகும், பால் குறையும், கடைக்காரரின் குறிப்பேட்டில் கடன் வளரும்.

எண்ணைச் செய்யும் முறையிலும் ஒரு வேலை நடந்துள்ளது. தொழிலாளர்க்கான அனைத்திந்தியக் குறியெண் 2020 செப்டம்பரில் புதுத் தொடருக்கு மாறியபோது, அதில் உணவுக்கு இருந்த இடம் 46 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாகச் சுருங்கியது. செல்வர் உண்பது அவர் வருவாயில் சிறு கூறு. ஏழை உண்பதே அவன் வருவாயில் பெருங்கூறு. பல நிலையினரையும் ஒன்றாக நிரவினால், அரிசி விலை ஏறுங்கால் அவ்வெண் ஏழையின் வயிற்றை விட மெல்லவே துடிக்கும்.

விலை ஏறுவதற்கு உலகச் சந்தையே கரணியம் என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோதும், 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோதும் விலை ஏறியது. ஆனால் 2020இல் பெருந்தொற்றால் உலகெங்கும் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தபோது இங்கே ஏன் விலை இறங்கவில்லை? இறங்கவேண்டிய இடத்தை வரி நிரப்பிக்கொண்டது. 2014 ஏப்பிரலில் ஓர் இலிட்டர் கன்னெய்க்கு 9 உருபா 48 காசாக இருந்த நடுவணரசின் தீர்வை, 2021இல் 32 உருபா 90 காசாக நின்றது. தீசலுக்கு 3 உருபா 56 காசாக இருந்தது 31 உருபா 80 காசாயிற்று. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் ஒரு பகுதியைக் குறைத்தனர், ஏறியதனைத்தும் இறங்கவில்லை.

இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த 32 உருபா 90 காசில் மாநிலங்களோடு பங்கிடத்தக்க அடிப்படைத் தீர்வை வெறும் 1 உருபா 40 காசே. எஞ்சியவை மேல்வரி, தனிக்கூடுதல் வரி என்னும் பெயர்களில் தில்லியிலேயே தங்குபவை. கும்மிடிப்பூண்டித் தொழிலாளி தன் ஈருருளிக்கு ஊற்றும் ஒவ்வோர் இலிட்டரிலும் முப்பது உருபாவுக்கு மேல் தில்லிக்குப் போயிற்று. தமிழ்நாட்டுக்கு அதிலிருந்து பகிர்வாகத் திரும்பியது சில காசுகள். மாநில அரசு தனக்கென விற்பனை வரி வாங்குகிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை; 2021 ஆகத்தில் அதில் மூன்று உருபாவைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துக்காட்டிய யானை, இன்று விளைநிலத்துக்குள் மட்டுமன்று, அடுக்களைக்குள்ளும் புகுந்துவிட்டது.

அடுக்களையைப் பார்ப்போம். சென்னையில் 14.2 கிலோ எரிவளி உருளையின் விலை 2020 நவம்பரில் 610 உருபா. 2023 மார்ச்சில் 1,118 உருபா 50 காசு. நாட்கூலி 500 உருபா என்று கொண்டால், முன்பு ஏறத்தாழ ஒன்றேகால் நாள் உழைப்புக்குக் கிடைத்த உருளைக்குப் பின்பு இரண்டேகால் நாள் உழைக்க வேண்டியதாயிற்று. அதே தீ, அதே சோறு. ஒரு நாள் உழைப்பு மட்டும் கூடுதலாக எரிந்தது. முன்னர் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் 2020இலேயே பெரும்பாலோர்க்கு நின்றுபோயிற்று. 2023 ஆகத்து இறுதியில் 200 உருபாவும், 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்னர், 100 உருபாவும் குறைத்தனர். 2025 ஏப்பிரலில் மீண்டும் 50 உருபா ஏற்றினர். ஏழைப் பெண்டிர்க்கு இணைப்பு தரும் திட்டத்துக்கு உச்சுவலா என்று பெயர். அப்பெயரின் பொருளும் அவர்கட்கு விளங்காது. ஒரு முறை வாங்கிய உருளையை மறுமுறை நிரப்பும் வழியும் விளங்காது.

'விறகு பொறுக்கி எரித்தால் என்ன?' என்று கேட்பார் உளர். விறகு எங்கே? கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகையில் காடும் மேய்ச்சலுமாய்க் கிடந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட பொதுநிலம் சிப்காட்டுக்காக எடுக்கப்பட்டது. ஊரார் எதிர்த்துப் போராடினர். பயனில்லை. இன்று அங்கே மிச்செலின் உருளிப்பட்டை ஆலை நிற்கிறது. சுள்ளியும், ஆட்டுக்குத் தழையும், காட்டுப் பழமும் காசின்றிக் கிடைத்த நிலம் அது. ஆலை வந்தால் கூலி வரும் என்றனர். சிலர்க்கு வந்தது. ஆனால் காசின்றிக் கிடைத்தவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கும் நிலை அனைவர்க்கும் வந்தது. எந்தக் குறியெண்ணிலும் இந்த இழப்பு ஏறுவதில்லை. விலையே இல்லாதிருந்த பொருளுக்கு விலையேற்றத்தைக் கணக்கிடுவது எவ்வாறு?

எரிபொருள் விலையும் உணவு விலையும் இரட்டைப் பிள்ளைகள். நெல்லால் பெயர்பெற்ற நெல்லூர்ப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றிய சரக்குந்துகள், எளாவூர்ச் சோதனைச்சாவடியைக் கடந்து, கும்மிடிப்பூண்டியின் வாயில் வழியாகவே செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்குச் செல்கின்றன. அங்கே அரைபட்டு, மூட்டையாகி, அதே சாலையில் திரும்பிக் கும்மிடிப்பூண்டிக் கடைக்கு வருகிறது அரிசி. போகும்போதும் தீசல், வரும்போதும் தீசல். வெங்காயம் நாசிக்கிலிருந்து வரவேண்டும். தக்காளி மதனப்பள்ளியிலிருந்து வரவேண்டும். 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு உருபாவைத் தாண்டியபோது, சென்னைப் பங்கீட்டுக் கடைகள் சிலவற்றில் 60 உருபாவுக்கு விற்க நேர்ந்ததை மறந்திருக்க முடியாது. எண்ணெயோ கடல் கடந்து வருவது. 2022 ஏப்பிரல் இறுதியில் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைச் சில கிழமைகள் நிறுத்தியவுடன் இங்கே தாளிக்கும் சட்டி காய்ந்தது. அவ்வாண்டு சூலை 18 முதல், உறையிட்டுப் பெயர் பொறித்த அரிசிக்கும் தயிருக்கும் ஐந்து விழுக்காடு வரி வந்தது. இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு வரியில்லை என்றதும், ஆலையார் 26 கிலோ மூட்டை தைத்தனர். மூட்டையாக வாங்க வல்லவர்க்கு வரியில்லை; ஐந்து கிலோ உறையாக வாங்கும் அன்றாடங்காய்ச்சிக்கு வரி. இப்படியொரு வரியை எண்ணிக் கண்டவர் எந்தக் கடையிலும் அரிசி வாங்கியவராக இருக்க முடியாது.

இத்தனைக்கும் இடையே திருவள்ளூர் மாவட்டத்துக் குடும்பங்கள் பட்டினியில் விழாமல் நிற்பது எதனால்? 1967இல் ஓர் உருபாவுக்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2007இல் சிறப்புத் திட்டமாகத் துவரையும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 சூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. துவரை கிலோ 30 உருபா, பாமாயில் 25 உருபா என்னும் விலைகள் பல ஆண்டுகளாக ஏறாமல் நின்றன. காசாகக் கொடுக்காமல் கூலமாகக் கொடுத்ததே இதன் வலிமை. வெளிச்சந்தையில் என்ன விலை ஆடினாலும் அப்பையில் உள்ள அரிசி குறைவதில்லை. பழைய மரக்கால் நெல்லின் இயல்பு இதற்கும் உண்டு. எரிபொருளில் இத்தகைய காப்பாக இருந்தது பங்கீட்டுக் கடை மண்ணெண்ணெய் ஒன்றே. அதன் ஒதுக்கீட்டை நடுவணரசு படிப்படியாக வெட்டியது. 2016இலிருந்து சிறுகச் சிறுக விலையையும் ஏற்றி உதவித்தொகையை ஒழித்தது.

இக்காப்பு முழுமையாக எட்டாத ஒரு கூட்டமும் கும்மிடிப்பூண்டியில் உண்டு. ஒரிசா, பீகார்ப் பக்கங்களிலிருந்து வந்து, தகரக் கொட்டகைகளில் பலராகத் தங்கி, உருக்காலை வெம்மையில் நிற்பவர்கள். 2020 அக்டோபர் முதல் பிற மாநில அட்டைக்கும் இங்கே அரிசி, கோதுமை பெறலாம் என்றாயிற்று. ஆயினும் தமிழ்நாட்டரசு தரும் துவரையும் எண்ணெயும் அவ்வட்டைக்கு இல்லை. இவர்கள்மீது சினங்கொள்ளும் தமிழர் உளர். கூலியைக் குறைத்து அவர்களை அழைத்துவந்தவன் எவன் என்று கேட்பதே முறை. வெளிச்சந்தை விலையில் உண்பவனைக் குறைந்த கூலிக்கு நிறுத்திவைத்தால், பக்கத்தில் நிற்கும் தமிழனின் கூலியும் ஏறாது.

கேட்க வேண்டியது அரிதான ஒன்றன்று. நடுவணரசுத் துறைகளின் ஒப்பந்தக் கூலிக்கு அகவிலைப்படி ஏப்பிரலிலும் அக்டோபரிலுமாக ஆண்டுக்கு இருமுறை மாற்றப்படுவது வழக்கம். அரசு ஊழியர்க்குச் சனவரியும் சூலையும். சிப்காட் வாயிலுக்குள் நுழையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் ஓராண்டு? இதைத் தமிழ்நாட்டரசே மாற்றலாம்; தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. தில்லியைக் கேட்க வேண்டியது வேறு. கன்னெய்யிலும் தீசலிலும் மேல்வரியாக எடுப்பதை மாநிலங்களோடு பங்கிடும் வரியில் சேர்க்க வேண்டும் என்பது அது. ஆலைதோறும், சங்கந்தோறும் இவ்விரண்டையும் எழுதிக் கொடுங்கள். எழுதுங்கால், சென்ற சனவரியில் வீட்டில் உருளை என்ன விலை, துவரை என்ன விலை, நாட்கூலி என்ன என்பதையும், இந்தத் திங்கள் மூன்றும் என்ன என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். அந்தக் கணக்கு அடுக்களையில் இருக்கிறது. தாய்மாரைக் கேட்டால் நொடியில் சொல்வர்.