வெளியே தெரியாத காயம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பூம்பாறை உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் எங்க குழுவோட ஊக்குநர். போன வருஷம் பூண்டு மூட்டையோட படிக்கட்டு வயல்ல இறங்கும்போது வழுக்கி விழுந்து, கல்லுல தலை இடிச்சுது. ரத்தம் வரல. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல.

ஆனா ரெண்டு மாசம் ஆகியும் தலைவலி, கிறுகிறுப்பு. பஸ் வளைவுல திரும்பினாலே குமட்டல். சந்தாவைக் கூட்டினா மூணு தரம் மூணு தொகை. "நல்லாத்தானே இருக்கா, சோம்பல்"னு வீட்டுல பேச்சு. குழுவுல ஒருத்தர், "பணத்தை எடுத்துட்டியா?"ன்னே கேட்டுட்டாங்க. செயலர் எண்ணிப் பார்த்தாங்க. பெட்டியில் பணம் சரியா இருந்துச்சு. தப்பு என் கூட்டல்லதான். அடிபட்டதைவிட அந்தக் கேள்விதான் வலிச்சது.

பிறகு பார்த்த டாக்டரம்மா விளக்கினாங்க. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும்; மூளை குலுங்கினது பெரும்பாலும் அதுல தெரியாது. தயிர்ப்பானையைக் குலுக்கினா பானை உடையாது, உள்ளே தயிர் கலங்கிடும் இல்லையா, அப்படித்தான். பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்தில் சரியாகும். சிலருக்கு மாசக்கணக்கில் இழுக்கும். முதல் ஒண்ணு ரெண்டு நாள் நல்ல ஓய்வு வேணும். அப்புறமும் இருட்டறையிலேயே கிடந்தாலும் தப்பு, உடனே மூட்டை தூக்கினாலும் தப்பு.

அதனால சமதரையில் 10 நிமிஷ நடையில் ஆரம்பிச்சேன். தலைவலி கொஞ்சம் கூடினா பரவாயில்லை. ரொம்பக் கூடினா நிறுத்திட்டு, மறுநாள் குறைச்சு நடந்தேன். கழுத்துக்கும் கிறுகிறுப்புக்கும் பிசியோதெரபி பயிற்சி. நேரத்துக்குத் தூக்கம். கணக்கு ஒரு பக்கம் பார்த்தா, கொஞ்ச நேரம் கண்மூடி உட்காருவேன். நோட்டைச் செயலர் எழுத, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூணாம் மாசம் குழந்தை வேலப்பர் கோயில் வரைக்கும் நடந்தேன். ஏழாம் மாசம் நோட்டு என் கைக்குத் திரும்பி வந்துச்சு.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. தலையில் அடிபட்டவங்களுக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலமின்மை இருந்தா காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்த மாசக் கூட்டத்துல எல்லாக் குழுவும் ஒரு தீர்மானம் எழுதுங்க: தலையில் அடிபட்ட உறுப்பினர் தேறும் வரைக்கும் அவங்க வேலையை இன்னொருத்தர் சேர்ந்து பார்க்கணும், காயம் தெரியலையேன்னு யாரும் அவங்களைச் சந்தேகப்படக் கூடாது.