பேசாத தொலைபேசிக்கு ஏன் வாடகை?



"வீட்டுக்கு இணையம் வேண்டும். ஆனால், யாரும் எடுத்துப் பேசாத தொலைபேசிக்கும் சேர்த்து ஏன் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும்?" மலேசியக் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வரும் கேள்வி இது. குறைந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இது சில்லறைச் சங்கதி அன்று. கையில் கிடைக்கும் சம்பளத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் காண, முதலில் கம்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 2001ஆம் ஆண்டில் தெலிகோம் மலேசியா நிறுவனம் ஸ்ட்ரீமிக்ஸ் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்த செம்புக் கம்பி வழியாகவே அந்த இணையமும் வந்தது. மனிதக் குரலுக்கு அந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடம் போதும். இணையம் ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள இடத்தில் ஓடியது. ஒரே சாலையின் ஓரத்தில் மிதிவண்டியும் நடுவில் லாரியும் செல்வதைப் போன்ற ஏற்பாடு அது. இரண்டும் மோதிக்கொள்ளாமல் பிரித்துவிட ஒரு சிறு பெட்டி இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால், மிதிவண்டி ஓடாவிட்டாலும் லாரி ஓடும் அல்லவா? நிச்சயமாக ஓடும். இணையத்துக்குத் தேவைப்பட்டது கம்பிதான். தொலைபேசிச் சேவை அன்று. ஆஸ்திரேலியாவில் 2007ஆம் ஆண்டிலேயே தொலைபேசி வாடகை இல்லாத அகண்ட அலைவரிசைச் சேவை விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால், மலேசியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் தொலைபேசி, பிறகுதான் ஸ்ட்ரீமிக்ஸ் என்ற நிலைமையே நீடித்தது. வீட்டு வாசலுக்கு வரும் கம்பி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததே அதற்குக் காரணம். வேறு கடை இல்லாத ஊரில் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

இதில் தோட்டப்புற மக்களின் நிலை இன்னும் சிரமமானது. பல தோட்டங்களில் தொலைபேசிக் கம்பி துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் வந்ததோடு நின்றுவிட்டது. தோட்டத்தை விட்டுப் பட்டண ஓரத்துத் தாமான்களில் குடியேறியவர்களுக்கோ வேறொரு தொல்லை காத்திருந்தது. செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட இணைய வேகம் குறையும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் சேவை கிடைப்பதே அரிது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தவரும் தொலைவில் இருந்தவரும் ஒரே கட்டணத்தைச் செலுத்திவிட்டு வெவ்வேறு வேகத்தைப் பெற்றனர்.

கம்பியே வேண்டாம் என்ற பெரிய முயற்சி ஒன்று 2008ஆம் ஆண்டில் வந்தது. பேக்கட் ஒன் நிறுவனம் வைமேக்ஸ் எனும் கம்பியில்லா அகண்ட அலைவரிசையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் "போத்தோங்" என்ற மலாய்ச் சொல்லையே அது தன் விளம்பர முழக்கமாக்கியது. தொலைபேசிக் கம்பியை வெட்டிவிடுங்கள் என்பதே அதன் பொருள். 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஒய்.டி.எல். குழுமத்தின் யெஸ் சேவையும் களத்தில் இறங்கியது. வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் இவை பெரிதும் கைகொடுத்தன. ஆனால், கோபுரம் தொலைவில் இருந்தாலோ, சுவர் தடித்திருந்தாலோ இணைப்பு தடுமாறியது. கம்பியை வெட்டச் சொன்ன பேக்கட் ஒன் நிறுவனத்தின் பெரும்பங்கை 2014ஆம் ஆண்டில் அதே தெலிகோம் மலேசியா வாங்கிக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

உண்மையான மாற்றம் கண்ணாடி இழை வடத்தோடுதான் வந்தது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசாங்கமும் தெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1,130 கோடி வெள்ளி பெறுமானமுள்ள அத்திட்டத்தில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி வெள்ளி. மக்களின் வரிப்பணமும் அந்த வடத்தில் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. 2010ஆம் ஆண்டு மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபோது 5 மெகாபிட் வேகத்துக்கான மாதக் கட்டணம் 149 வெள்ளி. அதில் தொலைபேசி தனி வாடகை கேட்கும் சேவையாக இல்லாமல், இணையத்தின் மேல் ஓடும் ஒரு துணைச் சேவையாக மாறியது.

அந்த வடத்தைப் பிற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்துத் தங்கள் சேவையை விற்கத் தொடங்கின. வடத்தின் மொத்த விலைக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வகுத்த உச்சவரம்பு 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிஸ் நிறுவனம் 30 மெகாபிட் சேவையை 89 வெள்ளிக்கு அறிவித்தது. எட்டு ஆண்டுகளில் வேகம் ஆறு மடங்கு கூடியது; விலையோ 60 வெள்ளி குறைந்தது. ஒரே வடத்தின் மேல் பல கடைகள் திறந்ததால் வந்த பலன் அது.

ஆயினும் பழைய பழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பழைய தொலைபேசிக் கணக்கை மூட மறந்து பணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கக்கூடும். விற்பனையாளரின் பேச்சில் மயங்கித் தேவையில்லாத இணைப்புகளையும் சேர்த்து வாங்குவோர் உண்டு. ஆகவே, கையொப்பமிடும் முன் வாடிக்கையாளர் கேட்டறிய வேண்டியவை ஐந்து.

முதலாவது, தன் முகவரிக்கு வடம் வந்திருக்கிறதா, அதில் காலி இடம் இருக்கிறதா என்பது. வாடகை வீடாக இருந்தால், முன்பு குடியிருந்தவரின் கணக்கு மூடப்பட்டுவிட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும். அது மூடப்படாததால் புதிய இணைப்பு தாமதமாவது உண்டு.

இரண்டாவது, தொலைபேசிச் சேவை இலவசமா, கட்டணமா, வேண்டாமென்று விலக்க முடியுமா என்பது.

மூன்றாவது, பொருத்தும் செலவு. வழக்கமான அளவுக்கு மேல் வடம் இழுக்க நேர்ந்தால் யார் பணம் கொடுப்பது?

நான்காவது, ஒப்பந்தம் எத்தனை மாதங்கள், இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்பது.

ஐந்தாவது, பழைய கணக்கை மூடியதற்கான எழுத்துப்பூர்வ உறுதியும், கட்டியிருந்த வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும் வழியும்.

வடம் வராத இடங்களில் 4ஜி, 5ஜி மோடம் நல்ல மாற்று. அதை வாங்கும் முன், அதே நிறுவனத்தின் சிம் அட்டையைக் கைத்தொலைபேசியில் போட்டு, பிள்ளைகள் படிக்கும் அறையில் இரவு நேரத்தில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே, மலிவாகக் கிடைக்கும் பழைய 3ஜி, வைமேக்ஸ் மோடம்களை வாங்கி ஏமாறக் கூடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது வேலை செய்தது. வடத்தின் வழி வரும் தொலைபேசியோ மின்தடையின்போது மோடத்தோடு சேர்ந்து நின்றுவிடும். தனியாக வசிக்கும் முதியோர் வீட்டில் பழைய இணைப்பை வெட்டும் முன், அவர்கள் கையாளத் தெரிந்த ஒரு கைத்தொலைபேசி மின்னேற்றத்தோடு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளின் கடமை.

கட்டண விவரத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பது அவமானம் அன்று. அது வாடிக்கையாளரின் உரிமை. புரியாத வரி ஒன்று இருந்தால் நிறுவனத்தைக் கேட்கலாம். பதில் திருப்தியளிக்காவிட்டால் ஆணையத்திடம் புகார் செய்யலாம். இந்த வார இறுதியில் நேயர்கள் தத்தம் வீட்டுக் கட்டண விவரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பேசாத தொலைபேசிக்குப் போகும் பணம், படிக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும்.