தினைக்கஞ்சியும் தேநீரும்



‘பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு’ என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. மருத்துவம் பயிலவோ வணிகம் செய்யவோ சீனம் செல்லும் தமிழரை வழியனுப்ப வருவோர் இதனை நகைப்போடு நினைவூட்டுவது வழக்கம். குவாங்தொங் மாநிலத்தில் 2020 வரை பாம்பு இறைச்சிச் சாறு அருந்துவோர் இருந்தனர் என்பது மெய்யே. அதனைக் கொண்டே சீனர் உணவு இத்தகையது என்று கூறுவது, கருவாடு ஒன்றையே கண்டு தமிழர் உணவு இஃதென முடிவு கட்டுவதை ஒக்கும். இம்முடிவோடு செல்லும் மாணவர் ஊறுகாயும் பருப்புப்பொடியும் தீரும்வரை அறைக்குள் தனியே உண்கிறார். உடன் பயில்வோர் அழைத்தாலும் செல்வதில்லை. ஓராண்டு கழிந்தும் அந்நாட்டில் அவருக்கு ஒரு நண்பர் இல்லை. உணவை ஒதுக்கப் புகுந்தவர் மனிதரையும் ஒதுக்கிவிடுகிறார்.

அயல்நாட்டு உணவை எவ்வாறு காண வேண்டும் என்பதற்குச் சீனத் துறவி இட்சிங் நல்லதோர் எடுத்துக்காட்டு. கி.பி. 671இல் கடல்வழியே புறப்பட்ட அவர், 673இல் தாமிரலிப்தித் துறையை அடைந்து, பின்னர் நாலந்தாவில் பயின்றார். இந்தியர் உண்குச்சியின்றி வலக்கையால் உண்பதையும், உண்ணுமுன்னும் உண்டபின்னும் தூய்மை பேணுவதையும், காய்கறிகளை நன்கு வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் சேர்ப்பதையும் அவர் குறித்துவைத்தார். தம் நாட்டில் மீனும் காய்கறியும் வேகாமல் உண்ணப்படுவதையும் மறைக்கவில்லை. பிறர் இலையில் கண்ட நன்மையைத் தம்மவர்க்கு எடுத்துரைத்த பெருந்தன்மை அது.

தமிழரும் அந்நாட்டில் உண்டு வாழ்ந்தவரே. 1077இல் சீன அரசவை சென்ற சோழர் தூதுக்குழுவில் 72 பேர் இருந்தனர். சுவான்சௌ துறைமுக நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பார் அங்குச் சிவபெருமான் திருமேனியை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறுகிறது. கோயில் எடுக்கும் அளவிற்கு ஊன்றி வாழ்ந்தவர்கள் அம்மண்ணில் விளைந்ததை உண்ணாமல் வாழ்ந்திருக்க இயலாது.

இன்று வட சீனம் செல்லும் தமிழர்க்குக் காலையில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றித் தரப்படும் மஞ்சள் நிறக் கஞ்சி தினைக்கஞ்சியே ஆகும். சீனர் தினையைச் ‘சியாவ்மி’, அதாவது சிறுமணி, என்பர். மகப்பேறு கண்ட பெண்களுக்கு அக்கஞ்சியில் பழுப்புச் சர்க்கரை கலந்து கொடுப்பது அவர்கள் மரபு. தினை முதன்முதல் வட சீனத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே பயிராயிற்று என்பர் ஆய்வாளர். வள்ளி காத்த புனமும், குறிஞ்சி நிலத்தார் முருகனுக்குத் தேனொடு படைத்த மாவும், கல்வராயன் மலைமக்கள் சாமையோடும் கேழ்வரகோடும் போற்றிய கஞ்சியும் அச்சிறுமணியோடு உறவுடையன.

இதன் மறுபக்கமும் சுவையானது. சீனரின் அரிசிக்கஞ்சியை ஆங்கிலம் பேசுவோர் ‘காஞ்சி’ என்று அழைக்கின்றனர். அச்சொல் தமிழ்க் ‘கஞ்சி’யே, போர்த்துக்கீசியர் வாயிலாக ஆங்கிலம் புகுந்தது. சீனர் பயிராக்கிய தானியம் தமிழர் தெய்வத்திற்குப் படையலாயிற்று. தமிழர் சொல் சீனர் உணவிற்கு உலகப் பெயராயிற்று. தேநீரும் அவ்வாறே. பூக்கியன் மாநிலக் கடற்கரையார் ‘தே’ என்றனர். பிற பகுதியினர் ‘சா’ என்றனர். முன்னது தமிழில் ‘தேயிலை’ என்றும், பின்னது ‘சாயா’ என்றும் வழங்குகின்றன. பாலும் சர்க்கரையும் இன்றி அவர்கள் தரும் தேநீர் முதல் மிடற்றில் கசக்கும்; மூன்றாம் கிண்ணத்தில் அதன் மணம் புலப்படும்.

புலால் உண்ணாதார் அஞ்ச வேண்டுவதில்லை. லியாங் மரபின் ஊ பேரரசர் (502–549) காலந்தொட்டுச் சீனப் பௌத்தத் துறவியர் புலால் மறுத்தலை நெறியாகக் கொண்டனர். கோயில்களை அடுத்துள்ள சைவ உணவகங்களில் வெங்காயமும் பூண்டும்கூடப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஏனைய இடங்களில் கீரையும் பன்றிக்கொழுப்பில் வதக்கப்படலாம். ஆதலின் ‘வோ ச்சு சூ’, ‘யான் சைவ உணவினன்’ என்று முன்னரே கூறிக் கேட்டறிதல் வேண்டும். உண்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் கூடாது. அஃது இறந்தோர்க்கு ஊதுவத்தி ஏற்றும் தோற்றம் தரும். ‘சாப்பிட்டாயா?’ என்று நலம் உசாவும் பழக்கம் தமிழரைப் போன்றே அவர்களுக்கும் உண்டு.

இனி, மது. சோளம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியா வந்து, பின்னர்ச் சீனம் சென்ற பயிர். அதிலிருந்து வடிக்கும் ‘பைச்சியு’ நூற்றுக்கு ஐம்பது பங்கிற்கும் மேல் சாராயம் கொண்டதாக இருத்தல் உண்டு. விருந்தில் ‘கான்பெய்’, அதாவது ‘கிண்ணத்தை வறிதாக்குக’, என்று வற்புறுத்துவர். மறுப்பது அவமதிப்பாகுமோ என்று அஞ்சுவோர்க்கு அந்நாட்டு மரபே வழிகாட்டுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஊ நாட்டை ஆண்ட சுன் ஹாவ் மன்னன், விருந்தினர் அனைவரும் பெருமளவு குடித்தே தீர வேண்டும் என்றவன். எனினும் குடிக்க இயலாத அறிஞர் வெய் சாவ் என்பார்க்கு மறைவாகத் தேநீர் அளிக்கச் செய்தான். ‘மதுவிற்கு ஈடாகத் தேநீர்’ என்று கூறிக் கிண்ணத்தை உயர்த்துவது இன்றும் ஏற்கத்தக்க நாகரிகம்.

பயணத்தில் குடிக்க நேரிடினும் முத்திரையிட்ட புட்டியும் அறிந்த கடையும் இன்றியமையாதன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அத்துயரைக் கண்ட மாவட்டத்தில், எது கிடைப்பினும் அருந்துவதே துணிவு என்று எவரும் பேச இயலாது. இன்னதென்று கேட்டு அறிதலும், ஒவ்வாததை இன்சொல்லால் மறுத்தலும், ஒத்ததை மகிழ்ந்து உண்ணலுமே பயணியின் அறம்.

பழமொழியின் நடுக்கண்டம் வேண்டுவதில்லை. விருந்தளிப்பவர் முகம் பார்த்து ஒரு கிண்ணம் கஞ்சியைப் பெற்றுக்கொள்வோர், தொலைநாட்டில் தம் மலையின் தானியத்தையே உண்பர். ஊர் திரும்பியபின், கல்வராயன் மலைமகள் தரும் தினைக்கஞ்சியை ‘ஏழை உணவு’ என்று ஒதுக்கும் நாணமும் அவர்களை விட்டு நீங்கும்.